ஐயா சொன்னதாக நான் சொன்னவை

பதினான்கு வருடம் நான் ஒரு வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வருடத்தில் மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும். அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவார். நான் அதைத் தமிழில் சொல்வேன், ஆனால் நிறுத்த மாட்டேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பார். அப்படி நிறுத்தாமல் போனதால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பாப்டிஸ்ட் சபை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாக முளைத்த நகர் ஒன்றில் இருக்கிறது. அறுபது எழுபது பேர் வருவோம். பாதிப் பேர் பக்கத்துத் தெருக்காரர்கள், மீதிப் பேர் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமையில் பௌர்ணமி வந்துவிட்டால் கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று ஆராதனையைக் காலை ஆறு மணிக்கே வைத்து முடித்துவிடுவோம். நான் தனியார் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியர். ஐயா முதல்முறை வந்தபோது மொழிபெயர்க்க வேலூரிலிருந்து வர வேண்டியவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. "ஸ்கூல்ல இங்கிலீஷ்தான எடுக்கறீங்க, வந்து நில்லுங்க" என்று என்னை இழுத்து நிறுத்தினார்கள். நானும் அப்படியே நின்றுவிட்டேன்.

ஐயா என்று நாங்கள் எல்லோரும் சொல்வது அந்த வெள்ளைக்காரரைத்தான். எங்கோ குளிர்நாட்டில் ஒரு சின்ன ஊர்ச் சபையில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், ஒல்லி, எப்போதும் வெளிர்நீலச் சட்டை. எங்கள் சபைக்கு அவருடைய ஊர்ச் சபை நெடுநாளாகத் துணை நிற்கிறது. அதன் சார்பாக அவர் வருடம் ஒருமுறை வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போவார்.

திருவண்ணாமலையில் வெள்ளைக்காரராக இருந்துகொண்டு ஆசிரமத்துக்குப் போகாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவில் ஏறி "வேங்கிக்கால்" என்று அட்சர சுத்தமாகச் சொல்வார். ஆட்டோ நேராகச் செங்கம் ரோட்டில் போய் ஆசிரமத்து வாசலில் நிற்கும். இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பார். ஒரு டிரைவர் அவரிடமிருந்து போனை வாங்கி, "சார் கொஞ்சம் டென்ஷனா இருக்காரு. உள்ள போய் ஒரு அரை மணி நேரம் உக்காந்தா சரியாயிடும், நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் சிபாரிசு கேட்டார்.

அவர் தங்கியதும் அந்தப் பக்கம்தான். முழங்கால் மடக்க முடியாதவருக்கு ஏற்ற கழிவறை உள்ள அறைகள் அங்கேதான் கிடைத்தன. அந்த வீட்டுக்காரர் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். "பெரிய தியானிங்க. காலைல மொட்டை மாடியில மலையப் பாத்து உக்காந்தா ரெண்டு மணி நேரம் ஆட மாட்டாரு." அந்த இரண்டு மணி நேரமும் ஐயா அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு முழக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அதை அப்புறம் சொல்கிறேன்.

ஐயாவுக்கு ஒரு கொள்கை உண்டு. சபை எங்களுடையது, நடத்த வேண்டியதும் நாங்கள்தான், அவர் கூடமாட உதவ வந்தவர் மட்டுமே. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" நல்ல கொள்கைதான். ஆனால் எங்களுக்கு அது பழக்கம் இல்லை. சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், என்ன கலர் என்று ஒருநாள் சாயங்காலம் முழுக்க அவரைக் கேட்டோம். ஒவ்வொரு தடவையும் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். "ஐயா இன்னாவோ கோவமா கீறாரு போல" என்று ஒருவர் என் காதில் சொன்னார். கடைசியில் அவருடைய சட்டையைப் பார்த்து, அந்த நிறத்திலேயே அடித்துவிட்டோம். அடுத்த வருடம் வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்து, நல்ல நிறம், யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். எல்லோரும் அவர் சட்டையைப் பார்த்தோம்.

இனி என் கெட்ட பழக்கத்துக்கு வருகிறேன்.

முதல் வருடம் அவர் பொறுமையைப் பற்றிப் பேசினார். உறைந்துபோன ஏரியில் ஓட்டை போட்டு, பனியில் முக்காலி வைத்து உட்கார்ந்து மீனுக்காகக் காத்திருப்பதை உதாரணமாகச் சொன்னார். எதிரே சித்திரை வெயிலையே பார்த்துப் பழகிய முகங்கள். ஏரி எப்படி உறையும் என்பதை விளக்கவே அரை மணி ஆகும். நான் சட்டென்று, "திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க வரிசையில நிக்கறோமே, நம்ம முறை வர்றப்போ சாப்பாட்டு நேரம்னு எழுந்து போயிடறாங்களே, அப்போ வேணும் பொறுமை" என்றேன். சபை முழுக்கத் தலையாட்டியது. ஐயா முகம் மலர்ந்தது. மீன் பிடிக்கும் கதை கடல் கடந்தும் எடுபடுகிறது என்று நினைத்திருப்பார். எனக்கு அந்தத் தலையாட்டல் ருசித்துவிட்டது.

அப்புறம் உதாரணம் மட்டும் போதவில்லை. எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. யாரையாவது நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றால் நேரில் கேட்கத் தைரியம் வராது. ஐயா பெயரில் கேட்டால் வரும். அவர் மோசே மலையேறியதைச் சொல்லிக்கொண்டிருக்கையில், "பிரசங்க நேரத்துல சவுண்டைக் கம்மி பண்ணி வெச்சு சமையல் வீடியோ பாக்கறது யாருன்னு ஐயா கேக்கறாரு" என்பேன். மூன்று பேர் போனைப் பைக்குள் போடுவார்கள். வெளியே போகும்போது, "தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனா எல்லாம் தெரியுது பாரு அவருக்கு" என்று வியந்துகொண்டு போவார்கள். ஒருமுறைகூட யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் ஆங்கிலம் அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் நேரம் பார்க்கத் தெரிந்தவள். "அவரு ரெண்டு வரி சொன்னா நீங்க ஊர்க்கதையே சொல்லிட்டு வர்றீங்க. ஒருநாள் மாட்டத்தான் போறீங்க" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன்.

மாட்டியது ஆசரிப்புக்கூடாரத்தில். மோசேயின் ஜனங்கள் வனாந்தரத்தில் சுமந்து திரிந்து, போன இடமெல்லாம் கட்டிக்கொண்டார்களே, கடவுளுக்கான அந்தக் கூடாரம்தான் ஐயாவுக்கு உயிர். பலகை எத்தனை முழம், அது நிற்கிற வெள்ளிப் பாதம் எத்தனை, வளையம் எங்கே, கொக்கி எங்கே என்று வருடத்துக்கு நாலு ஞாயிறு அதற்கே போகும். அவர் குரல் தழுதழுக்கும். எனக்குக் கொட்டாவி வரும். சபையில் அதை ரசித்தவர் ஒரே ஒருவர், சபைக் காரியங்களைக் கவனித்துக்கொள்ளும் எங்கள் டீக்கன். நில அளவையராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழத்தை அடியாக்கி, அடியை மீட்டராக்கி, ஒரு நோட்டில் படம் போட்டுக்கொள்வார். சபைக் கேட்டின் பூட்டும் சாவியும் அவர் பொறுப்பு. சர்வே கல் நட்ட மாதிரி அசையாத மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாவியோடு போளூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். நாங்கள் அறுபது பேர் கேட்டுக்கு வெளியே முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். கைக்குழந்தைகள் அழுதன. ஐயா தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார். டீக்கன் வந்து, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாமல் பூட்டைத் திறந்துவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

அன்று ஐயா பிரசங்கத்தில், கூடாரத்தைச் சுற்றியிருந்த பிராகாரத்தின் வாசலுக்கு வந்திருந்தார். வாசலுக்கு இருபது முழத்தில் ஒரு தொங்குதிரை, அதற்கு நான்கு தூண் என்று சொல்லி நிறுத்தினார். நான் ஆரம்பித்தேன். "கடவுள் தன் வீட்டு வாசலுக்குக் கதவு வெக்கலைன்னு ஐயா சொல்றாரு. திரைதான் போட்டாரு. திரைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பூட்டும் கிடையாது. அவரே பூட்டாதப்போ நாம யாரு பூட்டறதுக்கு? இன்னிக்கு நம்ம வாசல்ல யார வெளிய நிக்க வெச்சிருக்கோம்? வீட்டுக்குப் போனதும் யோசிங்கன்னு ஐயா சொல்றாரு." டீக்கனை முறைத்துக்கொண்டே சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. இருபது முழம் எத்தனை அடி என்று பெருக்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் பெண்களில் ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கீழ்பென்னாத்தூரில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா. சபையே அவர் வாய்க்குப் பயப்படும். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன மகளை இரண்டு வருடமாக வாசல்படி ஏறவிடாமல் வைத்திருந்தார். அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அக்கா அழுததை ஐயாவும் பார்த்தார். கண் கலங்கிப்போய், தூண்களின் பூண்களைப் பற்றி மேலும் பத்து நிமிடம் பேசினார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. திருவண்ணாமலை மக்களுக்கு ஆசரிப்புக்கூடாரத்தின் அளவுகள் மேல் அப்படி ஒரு தாகம், முழத்தைச் சொன்னாலே அழுகிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள். முதலில் அட்டையில் செய்த ஒரு ஆசரிப்புக்கூடாரம் பார்சலில் வந்தது. அடுத்த வருடம் மரத்தில் ஒன்று. அதற்கடுத்த வருடம் உள்ளே சின்ன பல்பு எரிகிற மாதிரி ஒன்று. சின்னப் பிள்ளைகள் உட்காரும் மூலை முழுக்கக் கூடாரமாகிவிட்டது. டீக்கன் மட்டும் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, மர மாடலில் வடக்குப் பக்கம் அரை விரற்கடை கம்மி என்றார்.

போன தடவை வந்தபோது ஐயா ஓர் அறிவிப்புச் செய்தார். இனி அவர் பிரசங்கம் செய்யப்போவதில்லை. வருவார், பின்வரிசையில் உட்காருவார், அவ்வளவுதான். எங்களுக்கென்று போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம், அவர் இல்லாத மாதங்களில் வேலூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் யாராவது வந்து பிரசங்கித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பாப்டிஸ்ட் சபையில் போதகரை மேலிடத்திலிருந்து யாரும் அனுப்புவதில்லை. ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர்கள் எல்லோரும் கூடி, பேசி, கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். இட்லிக்கடை அக்காவின் கைக்கும் டீக்கனின் கைக்கும் ஒரே மதிப்பு.

என் பெயரை ஒருவர் சொன்னார். வேறு பெயர் எதுவும் வரவில்லை. மறைப்பானேன், எனக்கு அந்த இடம் வேண்டும். மிகவும் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கட்டுரை திருத்திக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் பிரசங்கம் ஓடும். அந்தச் சபை ஜனங்களை எனக்குப் பிடிக்கும், திட்டிக்கொண்டே பிடிக்கும். ஆனால் போட்டிக்கு ஆளே இல்லாமல் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். "நீங்க நல்ல மனுஷன்தான். ஆனா ஐயா பிரசங்கம் மாதிரி வருமா? அவரு நம்ம வீட்டுக்குள்ள பூந்து பாத்த மாதிரி பேசுவாரு. நீங்க அவரு சொல்றதத் திருப்பிச் சொல்றவருதான."

வீட்டில் வந்து புலம்பினேன்.

"அதெல்லாம் நான்தான்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா பதினாலு வருஷம் ஏமாத்தினேன்னு ஆயிடும்."

"சொல்லலன்னா?"

சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நடந்தது. வழக்கப்படி, யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் வெளியே போய்விட வேண்டும். போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, வராத போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று ஐயாவுக்குப் புரியவில்லை, அவருக்குத் தெரிய வேண்டுமாம். சபையில் கல்லூரிக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் உண்டு. மொழிபெயர்க்கக் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செருப்பைக் காணோம் என்று வெளியே தேடப் போய்விட்டார்கள். ஆகவே என்னைப் பற்றிய விசாரணையை நானே நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. டீக்கன் முன்கூட்டியே எச்சரித்தார். "சொல்றத மட்டும் சொல்லணும்."

முதலில் அவரே எழுந்தார். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். "நான் கூடவே இங்கிலீஷ் வேதத்தத் தொறந்து வெச்சுப் பாத்துட்டு வர்றேன். இவரு மொழிபெயர்க்கறப்போ அளவு கம்மியாவுது, பேச்சு ஜாஸ்தியாவுது. நாப்பத்தெட்டுப் பலகைன்னு ஐயா சொல்றாரு. இவரு தமிழ்ல பலகையே வரல, ரேஷன் கடை வருது. எனக்கு இவரு மேல நம்பிக்கை இல்ல."

மொழிபெயர்த்தேன். வார்த்தைக்கு வார்த்தை. இவருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை என்கிறார் என்பதையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஐயா என்னை ஆச்சரியமாகப் பார்த்து, "இன்று ஏன் இவ்வளவு சுருக்கமாக இருக்கிறது?" என்று கேட்டார்.

இன்னொரு அம்மா எழுந்தார். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. ஐயா திட்டினாருன்னா மூணு மாசத்துல ஊருக்குப் போயிடுவாரு, மனசுல வெச்சுக்க மாட்டோம். இவரு திட்டினாருன்னா அடுத்த தெருல இருக்காரு. காலைல தண்ணி புடிக்கறப்போ மூஞ்சியப் பாக்கணும்." அதையும் சொன்னேன். தாம் எப்போது திட்டினோம் என்று ஐயா யோசிப்பது தெரிந்தது.

அப்புறம் இட்லிக்கடை அக்கா எழுந்தார்.

"டீக்கன் சொன்னதக் கேட்டதுலேருந்து எனக்கு ஒரு சந்தேகம் கீது. ஐயாவ நேரா கேக்கறேன், நீ சொல்லு தம்பி. அன்னிக்குக் கடவுள் வீட்டு வாசலுக்குத் தாழ்ப்பாளே இல்லன்னு சொன்னாரே. அதக் கேட்டுதான் நான் எம் பொண்ணக் கூப்டேன். இன்னிக்குப் பேரன் எங்கடையில தவழ்றான். அந்த வார்த்தைய ஐயா சொன்னாரா, நீ சொன்னியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார், மொழிபெயர்ப்புக்காக. பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். எளிதான வழி ஒன்று இருந்தது. அன்றைய பிரசங்கத்துக்காக அக்கா நன்றி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னால், ஐயா தலையாட்டிப் புன்னகைப்பார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே அக்காவுக்குப் பதில் கிடைத்துவிடும். ஐயாவின் மானம் தப்பும், என் பதினான்கு வருடமும் தப்பும். உண்மையைச் சொன்னால் டீக்கன் சொன்னது நிரூபணம் ஆகிவிடும். போதகர் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். மனைவி எங்கே என்று பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வியை அப்படியே மொழிபெயர்த்தேன்.

ஐயா மெதுவாக, "நான் தாழ்ப்பாளைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே. இருபது முழத் திரை என்றேன். நான்கு தூண் என்றேன். நூலின் நிறங்களைச் சொன்னேன்" என்றார். அதைச் சபைக்குத் தமிழில் சொன்னேன். இருபது முழம், நான்கு தூண், எல்லாம் முதல்முறையாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தன. "இப்பதான் முழம் வருது" என்றார் டீக்கன்.

ஐயா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அந்த அம்மா முழத்துக்காக அழவில்லையா?"

"இல்லை ஐயா."

"வேறு யாராவது? எப்போதாவது?"

"டீக்கனுக்கு ரொம்பப் பிடிக்கும் ஐயா. அவர் அழ மாட்டார், அவ்வளவுதான்."

"தமிழ் ரொம்ப நீளமான மொழி என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எங்கள் ஊரிலும் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்" என்றார். அவர் கண்கள் மூலையில் இருந்த மரக் கூடாரத்துக்குப் போயின. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவருக்கு உயிரான ஒன்றை ஒவ்வொரு வாரமும் வாங்கிக் கீழே போட்டுவிட்டு என் சரக்கை விற்றிருக்கிறேன். அதுவரை அதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

"இன்னா ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கறீங்க? தமிழ்ல சொல்லு" என்றார் அக்கா.

சொன்னேன். அதோடு, "நான்தான்க்கா சொன்னேன். அது மட்டும் இல்ல, பாதிக்கு மேல நான்தான்" என்றேன். அன்று போனைப் பைக்குள் போட்டவர்களில் ஓர் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அக்கா ஓர் அடி முன்னால் வந்தார். "எம் பொண்ணு விசயம் தெரிஞ்சு, எனக்காகவா சொன்ன?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் அப்படியே என் பக்கம் சாய்ந்திருக்கும், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அரை மணி நேரமாக உள்ளதை உள்ளபடி சொல்லிச் சொல்லி வாய் அந்த வழிக்கே வந்துவிட்டது.

"இல்லக்கா. பூட்டுக்காகச் சொன்னேன்."

"எந்தப் பூட்டு?"

"நம்ம கேட்டுப் பூட்டு. அன்னிக்கு டீக்கன் சாவியோட போளூர் போயிட்டாரு. அவரத் திட்டறதுக்காகச் சொன்னேன்."

டீக்கன் நோட்டை மூடினார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் சபையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அவரு முழத்தச் சொன்னாரு. நீ பூட்டச் சொன்ன. நான் போயி எம் பொண்ணுக்குப் போன் பண்ணேன்" என்று விரல் விட்டு எண்ணினார். "அப்போ எனக்கு யாருதான்யா பிரசங்கம் பண்ணது?"

சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஐயாவுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் அக்காவைப் பார்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதினான்கு வருடத்தில் அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் கேள்வி மாதிரி இருந்தது.

அக்கா "அது எனக்கும் அவருக்கும் உள்ளது" என்று கூரையைக் காட்டினார். "கையத் தூக்கறதுன்னா சீக்கிரம் தூக்குங்க, நான் போயி மாவாட்டணும்."

கை தூக்கச் சொன்னார்கள். முதல் கை அக்காவுடையது. ஒவ்வொன்றாக எழுந்தன. அடுத்த தெரு அம்மா பாதிக் கை தூக்கினார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். டீக்கன் தூக்கவில்லை. "மனஸ்தாபம் இல்ல. அளவு சரியில்ல, அதான்" என்றார். ஐயா எங்கள் சபையின் உறுப்பினர் இல்லை, ஓட்டு இல்லை. தவறிக்கூடக் கை எழுந்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கோபமா என்றும் கேட்டேன். "கொஞ்சம் இருக்கிறது" என்றார். ஆட்டோ வந்து ஏறி உட்கார்ந்ததும், "இத்தனை வருடம் நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். அவர் தங்கிய செங்கம் ரோட்டில் இறங்கி, ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து, நினைவுக்கு வந்த வரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மனு வரிசையைச் சொன்னபோது மேசையைத் தட்டிச் சிரித்தார். சிலவற்றுக்கு முகம் சுளித்தார். இரண்டைத் தன் ஊரில் பேசப்போவதாகக் குறித்துக்கொண்டார். பதிலுக்கு நாற்பத்தெட்டுப் பலகைகளும் எப்படி நின்றன என்று சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கிக் காட்டினார். அன்றைக்குத்தான் நான் அதை ஒழுங்காகக் கேட்டேன். உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு நான் போதகராக முதல் பிரசங்கம் செய்தேன். ஐயா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வெகுநாளாக மனதில் உறுத்திய விஷயம் ஒன்று. எங்கள் சபையில் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு பக்கமும் நடந்து வருகிறவர்கள் ஒரு பக்கமும் உட்காருவார்கள். இந்தப் பக்கத்துக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஆரம்பித்தேன். "நம்ம சபைக்குள்ளயே ரெண்டு ஊரா உக்காந்திருக்கோம். இது நல்லால்லன்னு ஐயா..." என்று பழக்கத்தில் வாய் போய்விட்டது. நிறுத்திக்கொண்டேன்.

இட்லிக்கடை அக்கா தன் ஜனங்களுக்கு நடுவில், பஸ்ஸில் வருகிறவர்கள் பக்கம், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே கேட்டார். "யாரு சொல்றாங்க? யாரச் சொல்றாங்க?"

"நான்தான்க்கா சொல்றேன்" என்றேன். "உங்களத்தான் சொல்றேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மடியில் இருந்த பையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி, சொல்லு" என்றார்.